எடைக்குப் போகாத பெட்டிகள்: காரைக்குடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சேனல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பர்மாத் தேக்குத் தூணுக்கு ஒரு விலை, பெல்ஜியம் கண்ணாடிக்கு ஒரு விலை, எனாமல் தூக்குக்கு ஒரு விலை சொல்வார்கள். அதே வீட்டிலிருந்து அதே வண்டியில் வந்திறங்கிய 1990-களின் கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டால், "அது எடைக்குப் போறதுங்க" என்பார்கள். தகரம் தனி, செம்பு தனி, போர்டு தனி. வண்டிக்கும் தராசுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் என் அண்ணனின் தொழில் தொடங்கியது.

பெரியப்பா மகன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்து ஓடவைத்துக் காட்டும் தமிழ் வீடியோ சேனல் ஒன்றை நடத்துகிறார். காமிரா பிடிப்பதும் எடிட் செய்வதும் நான். திரையில் ஒரே ஆள், ஒரே மேசை, ஒரே காமிராதான். முதல் ஒன்றரை ஆண்டு யாருமே எட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகு பார்க்கத் தொடங்கியவர்கள் இன்றுவரை விட்டுப் போகவில்லை. நடுவில் மாறியது என்ன என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

யளனக

அண்ணன் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், இடது கை விரல்கள் உட்காரும் 'யளனக'வில் தொடங்கி, தமிழ் ஹையர் தேர்வு வரை முடித்தார். பிறகு 15 ஆண்டுகளுக்கு மேல் டி.டி.பி. சென்டர் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட வினாத்தாள் என்று வந்ததையெல்லாம் பேஜ்மேக்கரில் அடித்து, பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்துத் தருவார். அது சிவகாசிக்கோ உள்ளூர் பிரஸ்ஸுக்கோ போகும். செட்டிநாட்டுப் பத்திரிகை என்றால் எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யாருக்குப் பேரன், யாருக்குப் பேத்தி என்று அரைப் பக்கம் பெயராகவே ஓடும். ஒரு இனிஷியல் தவறினாலும் பங்காளிகள் கடை வாசலில் வந்து நிற்பார்கள். நிதானமும் சரிபார்க்கும் பழக்கமும் அவருக்கு அங்கே வந்தவை.

பத்திரிகைகள் வாட்ஸ்அப்பில் போகத் தொடங்கியதும் சென்டரில் வேலை குறைந்தது. 2020 ஊரடங்கில் கல்யாணமே நடக்கவில்லை, கடை மூடியே கிடந்தது. கையில் இருந்தது போன் மட்டும். அந்த மாதங்களில்தான் அவர் அமெரிக்க வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். டெக்சாஸில் இருந்து 'தி 8-பிட் கய்' சேனலை நடத்தும் டேவிட் மரே, 'எல்.ஜி.ஆர்.' சேனலின் கிளின்ட் பேசிங்கர், இருவரையும் இரவு இரவாகப் பார்த்தார். ஆங்கிலம் பாதிதான் புரியும், ஆனால் கைகள் செய்வது முழுக்கப் புரியும். ஸ்குரூ கழற்றுவதற்கு மொழி எதற்கு?

கமோடோர் காலம்

பார்த்ததைச் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலமாக ஒரு கமோடோர் 64 வாங்கினார். 1982-ல் வந்த மெஷின், 64 கே.பி. நினைவகம், உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. பெட்டியோடு வந்த பவர் சப்ளை 110 வோல்ட்டுக்கானது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த மாடலின் பழைய பவர் சப்ளை கெட்டால் சும்மா கெடாது. 5 வோல்ட் தரவேண்டிய இடத்தில் ஏறிப்போய் நினைவகச் சிப்புகளைக் கொன்றுவிடும். அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, புது சப்ளை கட்டி, டி.வி.யில் அதன் தொடக்கத் திரையான நீலத் திரை வரும்வரை பொறுமையாக நின்றார். அந்த வீடியோவில் நான் பார்க்கும் குறை எதுவும் இல்லை. வெளிச்சம் சரி, பேச்சு சரி, விவரமெல்லாம் சரி.

தெருவில் இருப்பவர்கள்கூடப் பார்க்கவில்லை. அடுத்து ஸ்பெக்ட்ரம், அதற்கடுத்து அடாரி பற்றிப் போட்டோம். அதே கதைதான்.

இதற்குக் காரணத்தை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்த மெஷின்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவை. பத்து வயதில் டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்து விளையாடியவர்கள்தான் இன்று ஐம்பது வயதில் அந்த வீடியோக்களைப் பார்க்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பத்து வயது யாருக்கும் வாய்க்கவில்லை. இறக்குமதி உரிமமும் தீர்வையும் அப்படி. 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கைக்குப் பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது, 1991-க்குப் பிறகு நன்றாகத் திறந்தது. 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ மெஷின்கள் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வந்தன. அங்கேயும் பெரும்பாலோருக்கு அது பூட்டிய அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்த பொருள்தான். தமிழ்நாட்டுச் சிற்றூர்க்காரன் கம்ப்யூட்டரை முதலில் தொட்டது வேலை இடத்தில்: டி.டி.பி. சென்டர், எஸ்.டி.டி. பூத்தின் பில் மெஷின், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் புதிதாகப் போட்ட 'கம்ப்யூட்டர் சென்டர்', கோஆபரேட்டிவ் பேங்க் கவுன்டர். நமக்கு அது விளையாட்டுப் பொருளாக வரவில்லை, சம்பளத்தோடு வந்தது. அண்ணன் ஒன்றரை ஆண்டாக இன்னொருவர் பால்யத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாறியது திட்டமிட்டு அல்ல. பழைய டி.டி.பி. கீபோர்டு ஒன்றைக் கழுவிக் காயவைத்து, வேலை செய்கிறதா என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தார். இடது கை தானாக ய, ள, ன, க மேல் போய் உட்கார்ந்தது. நான் காமிராவை அணைக்கவில்லை. அவர் எதையும் விளக்கவில்லை, "யளனக... யளனக..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடிக்கிறார். அந்தத் துண்டை அப்படியே போட்டோம். அதன் கீழே வந்த பதில்களைப் படித்து அன்றிரவு அண்ணன் தூங்கவில்லை. எந்த ஊர் இன்ஸ்டிடியூட்டில் படித்தோம், எந்த டீச்சர் விரலில் ஸ்கேலால் அடித்தார், பரீட்சை ஹாலில் பத்து மெஷின் ஒன்றாக ஓடும்போது காது எப்படி அடைக்கும் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

வளவில் ஒரு 486

சேனலை நிலைநிறுத்திய வீடியோவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பொருள் தங்கிப்போவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று இடம்: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும் வீட்டில் ஒரு அறையைக் காலி செய்ய வேண்டிய அவசரம் யாருக்கும் வராது. இன்னொன்று பங்கு: பத்துப் புள்ளி, அதாவது பத்துக் குடும்பம், சேர்ந்து வைத்திருக்கும் வீட்டில் ஒரு ஸ்டூலை விற்பதென்றாலும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பார்க்கப் போனது ஒரு 486, 1990-களின் கம்ப்யூட்டர் வகை. சென்னை பிளாட்டில் இருந்தால் அது எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். இங்கே முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வீடு திறந்தபோது, வலப்பக்கத்து அறையில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால், போர்வை மூடி உட்கார்ந்திருந்தது. எங்களைக் கூப்பிட்டது அந்த வீட்டு ஆச்சி. அவருடைய வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்து திரும்பிவந்து வாங்கியதாம். அவர் காலமாகிப் பல ஆண்டு ஆகிவிட்டது.

"இது இன்னும் உசுரோட இருக்கா தம்பி?"

"தொறந்து பாத்தாத்தான் ஆச்சி தெரியும்."

திறந்தார். 486 போர்டுகளைத் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது ஒரே இடத்தைத்தான். கீபோர்டு குத்தும் துளைக்குப் பக்கத்தில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி, 3.6 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் அமைப்பு விவரங்களையும் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. ஆண்டுகள் போனால் அது ஒழுகும். ஒழுகுவது காரம். போர்டின் செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்துக்கொண்டு, மண்ணுக்குள் வேர் போவது போல அடியில் ஓடும். இங்கேயும் ஒழுகியிருந்தது. பேட்டரியைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பச்சைப் பொருக்கு.

அரிமானம் என்பது காரைக்குடிக்குப் புதுச் சொல் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 பொங்கலன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. சிக்ரி என்றால் ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும். பேட்டரியும் துருவும் அங்கே அன்றாட ஆராய்ச்சி. அண்ணன் செய்தது அதே வேதியியலின் அடுப்படி வடிவம். பேட்டரியை வெட்டி எடுத்தார். காரத்தை அடக்க அமிலம் வேண்டும் என்பதால், பழைய டூத் பிரஷ்ஷில் வினிகரைத் தொட்டுத் தேய்த்தார். தொட்ட இடத்தில் நுரைத்தது. நுரை நிற்கும்வரை தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, முற்றத்து நிழலில் காயவைத்தார். வெயிலில் வைக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிறகு மல்டிமீட்டர். கீபோர்டு சிப்புக்குப் போகும் கோடுகள் ஒவ்வொன்றையும் இரு முனையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பீப் என்றால் உயிர் இருக்கிறது. மூன்று கோட்டில் பீப் வரவில்லை. தலைமுடி போன்ற எனாமல் கம்பியை வைத்து அந்த மூன்றையும் பாலம் கட்டினார். நாற்பது நிமிடம். முழுவதையும் எடுத்தேன், வீடியோவில் ஆறு நிமிடம் விட்டேன். அந்த ஆறு நிமிடத்தில் பேச்சே இல்லை. வளவில் அணில் கத்துவதும், இரண்டாங்கட்டில் யாரோ பாத்திரம் தேய்ப்பதும் கேட்கும்.

மின்சாரம் கொடுக்கும் முன் 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டார். எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. நல்ல சகுனம். மானிட்டரில் எழுத்து வந்தது, ஆனால் ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை. பேட்டரி போனதால் டிஸ்க்கின் அளவு மறந்துபோயிருக்கிறது. மெஷினை எழுப்பும் மென்பொருளான பயாஸுக்கு அந்தக் காலத்தில் நாம்தான் சொல்லித்தர வேண்டும். டிஸ்க்கின் மேல் லேபிளைத் துடைத்துப் படித்து ஒவ்வொன்றாக அடித்தார்: 826 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 420 எம்.பி. சொச்சம், இன்றைக்கு ஒரு சின்ன வீடியோவின் அளவு. என்டர் தட்டியதும் டிஸ்க் 'கிர்ர்' என்று சுற்றி, விண்டோஸ் 3.1 வந்தது.

ஆச்சி அதுவரை ஊஞ்சலில் இருந்தார். திரையில் முதல் பைல் திறந்ததும் எழுந்து வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த சாமான் பட்டியல். வீட்டுக்காரர் உட்கார்ந்து அடித்தது: எவர்சில்வர் இத்தனை, பித்தளை இத்தனை, வெண்கலம் இத்தனை, மங்குச் சாமான் இத்தனை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"வெங்கலப் பானை ஏழுன்னு போட்ருக்காக. அஞ்சுதான் குடுத்தோம். ரெண்டு இந்தா இங்கதான் இருக்கு."

கையைக் காட்டினார். காமிராவைத் திருப்பினேன். அறை மூலையில் இரண்டு பானை.

அடுத்த போல்டரில் ஐந்தொகை இருந்தது. குடும்பத்து வரவு செலவு, பங்காளிகள் பெயரோடு. ஆச்சி, "அதை மூடுங்க தம்பி" என்றார். அண்ணன் மூடினார், நான் அந்தப் பகுதியை அவர் முன்னாலேயே அழித்தேன். அன்றிலிருந்து சேனலுக்கு ஒரு விதி. பெட்டிக்கு உரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் டிஸ்க்கைத் திறப்போம், அவர் சரி என்ற பிறகுதான் திரையைப் படம் எடுப்போம். இதனால் நல்ல காட்சிகள் பல போயிருக்கின்றன. போகட்டும். கணக்கு வழக்கு தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் இருந்தால் இந்தச் சீமையில் ஒரு கதவும் திறக்காது.

எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே பெட்டி

அந்தச் சாமான் பட்டியலைச் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பச் சொன்னார் ஆச்சி. பிளாப்பியில் ஏற்றி, லேப்டாப்பில் இறக்கி, போனில் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை.

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு பரவும் முன் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளித்துத்தான் கம்ப்யூட்டருக்குள் வைத்தார்கள். பாமினி போன்ற டைப்ரைட்டர் அமைப்பு எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் குப்பையாகத் தெரியும். இதில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு எழுத்துரு வரிசைக்கு டாம், டாப் என்று அரசே தரம் வகுத்தது. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். அதற்கு முன் அடித்தவை அடித்தபடியே இருந்தன.

இந்தப் பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மாற்றி தயாரிப்பதில் இன்னொரு முடிச்சு, அடிக்கும் வரிசை. 'கொ' எழுத பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிறபடி முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும், 'ஒ' குறி பின்னால் வரும். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தில் போய் ஏறிக்கொள்ளும்.

பிரபலமான எழுத்துருக்களுக்கு மாற்றி இணையத்தில் கிடைக்கிறது. இந்த 486-ல் இருந்தது எதோடும் சேரவில்லை. அண்ணன் அந்த மெஷினிலேயே ஒவ்வொரு விசையாக அடித்து, திரையில் வரும் எழுத்தை நோட்டில் குறித்து, மூன்று நாளில் அட்டவணை போட்டார். டி.டி.பி. அனுபவம் இல்லாத ஒருவர் அதைச் செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அந்த மெஷின் எடைக்குப் போயிருந்தால், பிளாப்பி பத்திரமாக இருந்தும் பயனில்லை.

இந்தப் பகுதியைத் தனி வீடியோவாகப் போட்டபோது பார்ப்பவர்களின் வகை மாறியது. பழைய பிளாப்பிகளோடு கோயில் டிரஸ்ட், பள்ளி ஆண்டு மலர்க் குழு, அப்பாவின் கவிதைகளை வைத்திருப்பவர்கள் என்று வரத் தொடங்கினார்கள்.

பணம்

யூடியூபில் விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரரும் 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நீள வீடியோக்களுக்கு 2018 முதல் இதுதான் அளவு. எங்களுக்கு அந்த 486 வரும்வரை எட்டவில்லை. எட்டிய பிறகும், நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு என்றாலும், தமிழில் இவ்வளவு குறுகிய விஷயத்துக்கு அது வீட்டுச் செலவைத் தாங்காது. அடுப்பு எரிவது மதினியின் தையல் வருமானத்தோடு சேர்ந்துதான்.

சேனலுக்கு உண்மையான வருமானம் இரண்டு பக்கத்து வாசல் வழியாக வந்தது. ஒன்று, பிளாப்பி மீட்பு. ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. எழுத்து மீளவில்லை என்றால் காசு வாங்குவதில்லை. இன்னொன்று, படப்பிடிப்பு. 1940-களில் ஏ.வி.எம். ஸ்டூடியோவே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு இயங்கிய ஊர் இது. இன்றும் இந்த வீடுகளைத் தேடிப் படக்குழுக்கள் வருகின்றன. 1990-களில் நடக்கும் கதை என்றால் மேசைமேல் எரிகிற மானிட்டர் வேண்டும், அதைக் காமிராவில் கறுப்புப் பட்டை ஓடாமல் எடுக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்தால் ஷட்டரும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். டாஸ் எழுத்துத் திரையோ 70 முறை. எங்கள் முதல் இருபது வீடியோவில் ஓடும் பட்டைகள் கற்றுத்தந்த பாடம் இது, இப்போது வாடகையோடு சேர்த்துச் சம்பளம் தருகிறது.

தவறுகள்

486 போர்டை நிழலில் காயவைத்த காரணம் இதுதான். மஞ்சள் படிந்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் வெளுக்கும். வெளிநாட்டு வீடியோவில் அரை நாள் வெயிலில் வைக்கச் சொன்னார்கள். அண்ணன் சித்திரை மாதக் காரைக்குடி வெயிலில், மொட்டை மாடியில் வைத்தார். பூசிய களிம்பு ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்து, காய்ந்த இடம் ஒரு நிறம், ஈரமாக இருந்த இடம் ஒரு நிறம் என்று மூடி முழுக்கத் தேமல். அது ஒரு பார்வையாளர் நம்பி அனுப்பிய மெஷின். அண்ணன் அந்த வீடியோவைப் போட வேண்டாம் என்றார், நான் போட வேண்டும் என்றேன். இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் மெஷின்காரரிடமே கேட்டோம். போடச் சொன்னார். இப்போதெல்லாம் காலை ஏழு மணி வெயில்தான், களிம்பின் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, கால் மணிக்கு ஒருமுறை திருப்பி வைப்பது.

இன்னொரு தவறு ஒலி. கொப்புடையம்மன் திருவிழா நாட்களில் தெருமுனை ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு எங்கள் பதிவின் பின்னணியில் விழுந்துவிட்டது. பாட்டின் உரிமைக்காரருக்காக இயங்கும் தானியங்கி அதைப் பிடித்து, அந்த வீடியோவின் வருமானத்தை அங்கே திருப்பிவிட்டது. சட்டப்படி சரிதான். திருவிழா மாதத்தில் இப்போது விடிகாலை நான்கு மணிக்குப் பேச்சைப் பதிவு செய்கிறோம்.

நான் இன்னும் தீர்க்காத தவறு ஒன்று இருக்கிறது. பிளாப்பி படிக்கும் டிரைவ்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பிளாப்பியின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவெடுக்கும் கிரீஸ்வீசல் பலகை ஒன்று வாங்கினோம்; ஆனால் அதற்கும் ஓடுகிற டிரைவ் வேண்டும். முதல் ஒன்றரை ஆண்டில் கமோடோருக்குச் செலவழித்த பணத்தில், அன்றைக்கு எடைக்கடையில் கிடந்த டிரைவ்களையெல்லாம் வாங்கியிருக்கலாம். அப்போது எங்கள் கண் அங்கே போகவில்லை.

இப்போது மேசைமேல் இருப்பது தேவகோட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இருந்து வந்த பில் மெஷின். பெட்டி ஓடுகிறது, சின்னப் பிரிண்டரின் ஊசிகளும் அசைகின்றன, ரிப்பன்தான் காய்ந்து கட்டையாகிவிட்டது. அண்ணன் அதைப் பிரித்து, ஸ்டாம்ப் பேடு மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கையால் சுற்றிக்கொண்டிருக்கிறார். மை ஊற ஒரு ராத்திரி ஆகும். பூத் வைத்திருந்த அம்மாவை நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.